சின்ன ரேம், பெரிய போட்டோ: வடசென்னை ஆப் டெவலப்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகள், காசிமேட்டு மீன் வியாபாரம், மாதவரம், மணலி பக்கத்து மனை விற்பனை, எண்ணூர் போகும் கன்டெய்னர் லாரிகள் என்று இவர்களுக்கெல்லாம் ஆப் செய்பவர்களுக்குப் பொதுவாக ஒரு தலைவலி உண்டு. டெவலப்பரின் 12 ஜி.பி. ரேம் போனில் பறக்கும் ஆப், கடைக்காரரின் 2 ஜி.பி. போனில் நாலாவது போட்டோவிலேயே மூடிக்கொள்ளும். பதில்கள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டை வைத்தே எழுதப்பட்டவை. ஐபோன், ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் பற்றிக் கடைசிக்கு முந்தைய கேள்வியைப் பார்க்கவும். கணக்கு சுலபமாக இருக்க 1 எம்.பி. என்பதைப் பத்து லட்சம் பைட்டாக வைத்திருக்கிறோம்.

போட்டோ வெறும் 2 எம்.பி. தான். அதற்கு எப்படி மெமரி பத்தாமல் போகும்?

அந்த 2 எம்.பி. மடித்து வைத்த அளவு. மடித்துக் கவரில் போட்ட புடவை ஒரு சாண் இடம்தான் பிடிக்கும், விரித்தால் ஆறு கஜம். ஜேபெக் ஃபைலும் அப்படித்தான். திரையில் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு பிக்சலையும் விரித்து, சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என்று நான்கு பைட் ஒதுக்க வேண்டும். 3000 × 4000 போட்டோவில் 1.2 கோடி பிக்சல் இருக்கிறது. நான்கால் பெருக்கினால் 48 எம்.பி. ஃபைல் 2 எம்.பி.யாக இருந்தாலும், தரத்தைக் குறைத்து 400 கே.பி. ஆக்கினாலும், விரித்த பிறகு அதே 48 எம்.பி. தான். 50 மெகாபிக்சல் முழு மோடில் எடுத்த 8160 × 6120 படம் விரித்தால் 200 எம்.பி.யைத் தொடும்.

ஆகவே ‘போட்டோவை கம்ப்ரஸ் பண்ணிட்டோம், இன்னும் கிராஷ் ஆகுது’ என்பதில் ஆச்சரியம் இல்லை. கம்ப்ரஸ் செய்தால் டேட்டா செலவுதான் குறையும். மெமரி குறைய வேண்டுமென்றால் நீள அகலத்தில் உள்ள பிக்சல் குறைய வேண்டும்.

லிஸ்டில் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குத்தான் காட்டுகிறோம். அப்போதுமா 48 எம்.பி.?

ஆமாம். இமேஜ்வியூவின் அளவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும், டீகோட் செய்யும்போது (மடித்த ஃபைலைப் பிக்சல்களாக விரிக்கும்போது) அளவைச் சொல்லாவிட்டால் முழுப் படமும் மெமரிக்கு வந்த பிறகுதான் சுருக்கிக் காட்டப்படும். பத்துப் புடவை தெரியும் லிஸ்டுக்கு 480 எம்.பி. என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே பத்தும் 375 × 500 அளவில் டீகோட் ஆகியிருந்தால் ஒவ்வொன்றும் 0.75 எம்.பி., மொத்தமே 7.5 எம்.பி.

லைப்ரரி இல்லாமல் நாமே டீகோட் செய்தால் என்ன வரிசை?

முதலில் பிட்மேப்ஃபேக்டரி (ஃபைலை பிட்மேப்பாக, அதாவது விரித்த பிக்சல்களாக மாற்றித் தரும் ஆண்ட்ராய்டு வசதி) ஆப்ஷன்ஸில் ‘இன்ஜஸ்ட்டீகோட்பவுண்ட்ஸ்’ என்பதை ட்ரூ ஆக்கி ஒருமுறை டீகோட் செய்யுங்கள். பிக்சல் எதுவும் மெமரிக்கு வராது, படத்தின் அகலமும் உயரமும் மட்டும் கிடைக்கும். காட்டப்போகும் இடத்தின் அகலத்தால் படத்தின் அகலத்தை வகுங்கள். 720 பிக்சல் அகலத் திரையில் 3000 பிக்சல் அகலப் படம் என்றால் 4.17 வரும். அதைத் தாண்டாத இரண்டின் அடுக்கு 4. அதை ‘இன்சாம்பிள்சைஸ்’ஸில் வைத்து, பவுண்ட்ஸை ஃபால்ஸ் ஆக்கி மறுபடி டீகோட் செய்தால் 750 × 1000 படம், 3 எம்.பி. செலவு.

இதில் வழக்கமாக வழுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, இன்சாம்பிள்சைஸில் 3 என்று கொடுத்தால் 3 ஆக வேலை செய்யாது, கீழே இருக்கும் 2-க்கு இறங்கிவிடும். நீங்கள் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் மெமரி போகும். இரண்டு, கேலரியிலிருந்து வரும் இன்புட்ஸ்ட்ரீமை முதல் டீகோட்டிலேயே படித்து முடித்துவிடுவதால், அதே ஸ்ட்ரீமை இரண்டாவது முறை கொடுத்தால் ‘நல்’ (காலி மதிப்பு) வரும். யூஆர்ஐயை (ஃபைலின் முகவரி) மறுபடி திறந்து புது ஸ்ட்ரீம் கொடுக்க வேண்டும். ‘சில போட்டோ மட்டும் வெள்ளையா வருது’ என்ற புகாரில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மூன்றாவது, இதையெல்லாம் மெயின் திரெட்டில் (திரையை இயக்கும் வேலை வரிசையில்) செய்வது. ஆப் மூடாது, ஆனால் ஸ்க்ரோல் மாட்டிக்கொள்ளும்.

ஆண்ட்ராய்டு 9 முதல் மட்டும் ஆதரித்தால் இமேஜ்டீகோடர் வசதியானது. தலைப்புத் தகவல் படித்தவுடன் அழைக்கப்படும் லிசனருக்குள் ‘செட்டார்கெட்சைஸ்’ கொடுத்தால் போதும், இரண்டின் அடுக்குத் தொல்லை இல்லை. படம் படுத்திருக்கிறதா, நிற்கிறதா என்ற எக்சிஃப் குறிப்பையும் அதுவே பார்த்துத் திருப்பிவிடும்.

கிளைட் (படம் ஏற்றித் தரும் லைப்ரரி) போட்டிருக்கிறோம். அதற்கு மேலும் கவலைப்பட வேண்டுமா?

பாதிக் கவலை போகும். கிளைட் இமேஜ்வியூவின் அளவைப் பார்த்து அதற்கேற்ப டீகோட் செய்கிறது. ஆனால் வியூவின் அளவு ‘ராப் கன்டென்ட்’ என்று இருந்தால் அதற்கு அளவு தெரியாது, திரையளவை எடுத்துக்கொள்ளும். இரண்டு காலம் கிரிடில் ஒவ்வொரு சின்னப் படத்துக்கும் திரையளவு மெமரி என்றால் சின்ன போன் தாங்காது. லேஅவுட்டில் அளவை உறுதியாகக் கொடுங்கள், இல்லையென்றால் ‘ஓவர்ரைட்’ எழுதுங்கள். எங்கிருந்தோ காப்பி செய்த கோடில் ‘சைஸ் ஒரிஜினல்’ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் தேடுங்கள், இருந்தால் முழுப் படம்தான் வரும்.

அதேபோன்ற லைப்ரரியான பிக்காசோவில் ‘ஃபிட்’ அல்லது ‘ரீசைஸ்’ எழுதாவிட்டால் முழுப் படம் இறங்கும். காயில் என்ற லைப்ரரியை கம்போஸில் (ஆண்ட்ராய்டில் திரை அமைக்கும் புது முறை) பயன்படுத்துபவர்கள் ‘அசிங்க்இமேஜ்’ஜோடு நிற்பது நல்லது. ‘ரிமெம்பர் அசிங்க்இமேஜ் பெயின்டர்’ இடத்தின் அளவைத் தானாகக் கண்டுபிடிக்காது, அளவு சொல்லாவிட்டால் அசல் அளவிலேயே ஏற்றும்.

மேனிஃபெஸ்டில் லார்ஜ்ஹீப் (ஆப்புக்குப் பெரிய ஹீப், அதாவது பெரிய மெமரி ஒதுக்கீடு கேட்கும் குறிப்பு) போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஓட்டைக் குடத்துக்குப் பதில் பெரிய ஓட்டைக் குடம். கிராஷ் பத்தாவது படத்திலிருந்து இருபதாவது படத்துக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஹீப் பெரிதானால் குப்பை கூட்டும் (பயன் முடிந்த மெமரியை விடுவிக்கும்) வேலையும் நீளும். போனில் மொத்தம் இருப்பதே 2 ஜி.பி. என்றால் பெரிய ஹீப் கேட்டாலும் கிடைப்பது வழக்கமான அளவாகவே இருக்கலாம். அதோடு ஆண்ட்ராய்டு 8 முதல் பிட்மேப்பின் பிக்சல்கள் ஜாவா ஹீப்பிலேயே இல்லை, அதற்கு வெளியே உள்ள நேட்டிவ் மெமரிக்குப் போய்விட்டன. லார்ஜ்ஹீப் பெரிதாக்குவது ஜாவா ஹீப்பைத்தான்.

கிராஷ் ரிப்போர்ட்டில் ஒன்றுமே இல்லை. ஆனால் ஆப் தானாக மூடுகிறது என்கிறார் கடைக்காரர்.

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. முன்பெல்லாம் ‘அவுட் ஆஃப் மெமரி எரர்’ என்று கத்திவிட்டுச் சாகும். இப்போது பிக்சல்கள் நேட்டிவில் இருப்பதால் உங்கள் ஆப்பின் வரம்பு தாண்டுவதற்கு முன்பே போனின் மொத்த மெமரி தீர்ந்து, சிஸ்டமே ஆப்பை நிறுத்திவிடும். எக்செப்ஷன் எதுவும் எழாததால் ரிப்போர்ட்டும் வராது.

ஆண்ட்ராய்டு 11 முதல் இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆப் திறந்தவுடன் ஆக்டிவிட்டிமேனேஜரின் ‘கெட் ஹிஸ்டாரிக்கல் பிராசஸ் எக்சிட் ரீசன்ஸ்’ கூப்பிட்டால் போன தடவை எதனால் நின்றது என்று தெரியும். ‘ரீசன் லோ மெமரி’ என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். சில போன்கள் இந்தக் காரணத்தைச் சொல்லாமல் ‘சிக்னல்ட்’ என்று மட்டும் தந்து, அதில் 9-ஆம் சிக்னலைக் காட்டும். அதையும் அதே கணக்கில் சேர்க்கலாம். கேமரா ஆப்பைத் திறந்துவிட்டு உங்கள் ஆப்புக்குத் திரும்பும்போதுதான் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் கேமராவே பெரிய தின்னி. கேமராவுக்குப் போவதற்கு முன் பாதி நிரப்பிய படிவத்தைச் சேமித்து வையுங்கள்.

ஆப்பின் முதல் திரையில் ஒரே ஒரு படம்தான். அதற்கே 75 எம்.பி. காட்டுகிறதே?

அந்தப் படத்தை வெறும் ‘டிராயபிள்’ ஃபோல்டரில் போட்டிருப்பீர்கள். அங்கே இருப்பதை ஆண்ட்ராய்டு அடிப்படை அடர்த்திக்கான படமென்று நினைத்து, போனின் அடர்த்திக்கு ஏற்றபடி பெரிதாக்கும். 1080 × 1920 படம் மூன்று மடங்கு அடர்த்தியுள்ள போனில் 3240 × 5760 ஆகும். 8.3 எம்.பி.யில் முடிய வேண்டியது ஒன்பது மடங்கு பெருகி 74.6 எம்.பி. இரண்டு மடங்கு அடர்த்தியுள்ள மலிவு போனிலும் 33 எம்.பி. போகும். படத்தை ‘டிராயபிள்-நோடிபிஐ’ ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். ஒரு வரி கோட் மாற வேண்டியதில்லை.

ஆர்ஜிபி 565 (நிறத்தைக் குறைந்த பைட்டில் வைக்கும் முறை) போட்டால் பாதி மெமரி மிச்சமாகுமே?

ஆகும், பிக்சலுக்கு 2 பைட். ஆனால் சிவப்புக்கும் நீலத்துக்கும் தலா 32 நிலை, பச்சைக்கு 64 நிலைதான் மிஞ்சும். பட்டுப் புடவையின் மினுமினுப்பு படிப்படியாக மாறும் இடத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அரக்கு என்று பார்த்து வாங்கிய புடவை வேறு நிறத்தில் வந்ததென்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினால் மிச்சம் பிடித்த மெமரியால் யாருக்கு லாபம்? ஜவுளிக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கறுப்பு வெள்ளை மனை வரைபடம், பில், ரசீது ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போடலாம். பின்னணி ஒளிபுகும் படங்களுக்கு இது உதவாது.

ஜரிகை வேலைப்பாட்டை விரலால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மனை வரைபடத்தில் சர்வே நம்பர் தெரிய வேண்டும். சுருக்கிவிட்டால் எப்படித் தெரியும்?

இங்கேதான் சுருக்கும் வித்தை நின்றுவிடுகிறது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதலுக்குப் போன ஏ0 தாள் ஒன்றை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 9933 × 14043 பிக்சல், அதாவது 13.9 கோடி. முழுதாக விரித்தால் 558 எம்.பி. ஆகும் அதை எந்த மலிவு போனும் தாங்காது. ஆனால் ஒரு நேரத்தில் திரையில் தெரிவது 720 × 1600 பிக்சல்தான், அதற்கு 4.6 எம்.பி. போதும். எனவே படத்தைச் சதுரச் சதுரமாக வெட்டி, கண்ணுக்குத் தெரியும் சதுரங்களை மட்டும் ஏற்றி, நகர்ந்து போனவற்றை விட்டுவிட வேண்டும். தரைக்கு டைல் ஒட்டுவது போல என்பதால் பெயரும் டைல் தான்.

256 × 256 டைல் ஒன்றுக்கு 2,62,144 பைட். ஓரங்களில் பாதி தெரிபவற்றையும் சேர்த்தால் அந்தத் திரைக்கு அதிகபட்சம் 4 × 8 = 32 டைல், மொத்தம் 8.4 எம்.பி. படம் எவ்வளவு பெரிதானாலும் இந்த எண் மாறாது.

படம் போனுக்குள்ளேயே ஒரே ஜேபெக்காக இருந்தால் பிட்மேப்ரீஜன்டீகோடர் போதும். எந்தச் செவ்வகம் வேண்டும், எவ்வளவு சுருக்க வேண்டும் என்று சொன்னால் அந்தப் பகுதியை மட்டும் கொடுக்கும். ஜூம், இழுப்பு, டைல் நிர்வாகம் எல்லாவற்றையும் நீங்களே எழுத வேண்டாம், ‘சப்சாம்பிளிங் ஸ்கேல் இமேஜ்வியூ’ என்ற திறந்த மூல லைப்ரரி இதைத்தான் செய்கிறது. அதற்கு ஃபைலின் யூஆர்ஐயைக் கொடுங்கள். பிட்மேப்பாக்கிக் கொடுத்தால் டைல் வேலை நடக்காது, லைப்ரரி போட்டதற்கே பயன் இல்லாமல் போய்விடும்.

இரண்டு குறை தெரிந்திருக்கட்டும். படத்தின் கீழ்ப்பகுதி டைல்கள் மேல்பகுதியைவிட மெதுவாக வரும், ஏனென்றால் ஜேபெக்கும் பிஎன்ஜியும் மேலிருந்து வரிசையாகப் படிக்கப்படுபவை. பிஎன்ஜியில் இந்தத் தாமதம் அதிகம், வரைபடம் என்றாலும் பெரிய அளவில் ஜேபெக்காக வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். புரோகிரசிவ் வகை ஜேபெக்கைத் தவிர்க்கவும். அதை விரிக்க முழுப் படத்தின் இடைநிலைக் கணக்கையும் மெமரியில் வைத்திருக்க வேண்டியிருப்பதால் டைல் போட்ட நோக்கமே கெட்டுவிடும்.

சர்வரில் இருக்கும் படம் என்றால் அங்கேயே வெட்டி வையுங்கள். விப்ஸ் என்ற படம் கையாளும் கருவியின் ‘டிஇசட்சேவ்’ கட்டளை குறைந்த மெமரியிலேயே இதைச் செய்துவிடும். அதன் இயல்பு அளவு 254 பிக்சலும் ஓரத்தில் 1 பிக்சல் மேல்படிதலும். உங்கள் வியூவர் சுத்தமான 256 எதிர்பார்த்தால் டைல் சைஸ் 256, ஓவர்லேப் 0 என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் டைல்களுக்கு நடுவே மயிரிழைக் கோடு தெரியும். மேலே சொன்ன ஏ0 வரைபடத்தை ஒவ்வொரு படியிலும் பாதியாக்கி ஒரே டைல் ஆகும்வரை வெட்டினால் 7 படி, மொத்தம் 2,897 டைல். பயந்துவிடாதீர்கள், ஒரு பயனாளர் பார்ப்பதில் சில டஜன் மட்டுமே இறங்கும்.

கடைக்காரரிடமிருந்து அசல் படம் வாங்கும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக வந்தால் வழியிலேயே சுருங்கியிருக்கும், டைல் போட்டும் ஜரிகை தெரியாது.

வரைபடம் பிடிஎஃப்பாக இருந்தால்?

பிடிஎஃப்ரெண்டரரின் (பிடிஎஃப் பக்கத்தை வரைந்து தரும் ஆண்ட்ராய்டு வசதி) ரெண்டர் அழைப்பில் மேட்ரிக்ஸ் கொடுக்கலாம். திரையளவு பிட்மேப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தெரியும் பகுதியை அதில் வரையச் சொல்லுங்கள். பிட்மேப்பை முதலில் வெள்ளையால் நிரப்ப மறந்தால் பக்கம் கறுப்பாகத் தெரியலாம். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் திறக்கலாம், பல திரெட்டில் ஒரே ரெண்டரரைத் தொடவும் கூடாது. டிஃப் ஃபைலாக வந்தால் ஆண்ட்ராய்டு தானாகத் திறக்காது, சர்வரிலேயே ஜேபெக் ஆக்கிவிடுங்கள்.

‘டிரையிங் டு டிரா டூ லார்ஜ் பிட்மேப்’ என்று எரர் வருகிறது. மெமரி நிறைய இருக்கிறதே?

மெமரி இருந்தாலும் ஒரே பிட்மேப் பல போன்களில் 10,48,57,600 பைட்டைத் தாண்டினால் கேன்வாஸ் வரைய மறுத்துவிடும். 50 மெகாபிக்சல் படத்தை முழுதாக ஏற்றினால் இந்த இடத்தில்தான் முட்டும். கிராஷ் இல்லாமல் இடம் காலியாகவே இருந்து, லாக்கில் ‘மேக்ஸ் 4096’ என்று வந்தால் அது கிராஃபிக்ஸ் சிப்பின் டெக்ஸ்சர் வரம்பு. ஒரு பக்கம் மட்டும் நீளமான படங்கள், உதாரணத்துக்கு நீள ஸ்க்ரீன்ஷாட், அதில் மாட்டும்.

லாரி டிரைவர்கள் கன்டெய்னர் சீல் நம்பரைப் போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள். ஏற்றும்போதே ஆப் மூடுகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான்: முழுப் படத்தை டீகோட் செய்து 48 எம்.பி., அது படுத்திருக்கிறது என்று நிமிர்த்த இன்னொரு பிட்மேப், மேலும் 48. பழையதை விடுவதற்கு முன் 96 எம்.பி. உச்சம். முதலிலேயே இன்சாம்பிள்சைஸ் 2 போட்டுச் சுருக்கிவிட்டுப் பிறகு திருப்புங்கள். வரிசையை மாற்றினாலே உச்சம் நான்கில் ஒரு பங்காகும்.

பிட்மேப்ஃபேக்டரி எக்சிஃப் திசையைக் கண்டுகொள்ளாது. ஆண்ட்ராய்டுஎக்சின் எக்சிஃப்இன்டர்ஃபேஸ் வைத்து நீங்களே படிக்க வேண்டும். திசைக்கு 8 மதிப்புகள் உண்டு, பெரும்பாலும் 1, 3, 6, 8 வரும். சுருக்கிச் சேமித்த புது ஃபைலில் பழைய எக்சிஃப் இருக்காது என்பதால் இடமும் நேரமும் தேவையென்றால் கையால் எடுத்து எழுதுங்கள். சீல் நம்பர் படிக்க நீளப் பக்கம் 1600 பிக்சல், தரம் 80 வைத்தால் போதும், டிரைவர் நெருங்கி நின்று எடுத்திருந்தால்.

எடுத்த படத்தை அடுத்த ஆக்டிவிட்டிக்கு (திரைக்கு) இன்டென்டில் (திரைகளுக்கிடையே தகவல் அனுப்பும் வழி) அனுப்பலாமா?

கூடாது. அந்தப் பாதையின் பஃபர் 1 எம்.பி. அளவுதான், அதையும் ஆப்பில் நடக்கும் மற்ற பரிமாற்றங்களோடு பங்கு போட வேண்டும். ஃபைலாக எழுதி யூஆர்ஐயை அனுப்புங்கள்.

பிட்மேப்பின் மெமரியை உடனே விடுவிக்க ரீசைக்கிள் கூப்பிட வேண்டுமா?

ஆண்ட்ராய்டு 2.3 காலத்து அறிவுரை அது. கிளைட், காயில் கொடுத்த பிட்மேப்பை ரீசைக்கிள் செய்தால் அதே படத்தை வேறொரு வியூ காட்டிக்கொண்டிருக்கும்போது கிராஷ் ஆகும். நீங்களே உருவாக்கி, நீங்களே முடித்த பெரிய தற்காலிக பிட்மேப்புக்கு மட்டும் கூப்பிடலாம்.

ஐபோன், ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ்?

கணக்கு ஒன்றுதான், பெயர்கள்தான் வேறு. ஐபோனில் யூஐஇமேஜை முழுதாக ஏற்றி அதைச் சின்னதாக வரைவது தவறு, உச்சத்தில் முழு மெமரியும் போகும். இமேஜ்ஐஓவின் ‘கிரியேட் தம்ப்நெயில் அட் இண்டெக்ஸ்’ஸில் அதிகபட்ச பிக்சல் அளவைக் கொடுங்கள், திசை திருப்பும் ஆப்ஷனையும் சேர்த்து. டைலுக்கு சிஏடைல்ட்லேயர் இருக்கிறது.

ஃபிளட்டரில் ‘கேஷ்வித்’ கொடுங்கள், ஆனால் திரையின் பிக்சல் விகிதத்தால் பெருக்கிக் கொடுங்கள், இல்லையென்றால் படம் மங்கும். ‘கேஷ்ஹைட்’டையும் சேர்த்துக் கொடுத்தால் படம் நசுங்கும், ஏதாவது ஒன்று போதும். இமேஜ் கேஷின் (ஏற்றிய படங்களை மறுபடி காட்ட வைத்திருக்கும் இடம்) இயல்பு வரம்பு 1000 படம் அல்லது 100 எம்.பி. சின்ன போனுக்கு அதை 30, 40 எம்.பி. ஆக்குவது நல்லது. ‘டீபக் இன்வெர்ட் ஓவர்சைஸ்டு இமேஜஸ்’ போட்டால் தேவைக்கு மேல் பெரிதாக ஏறிய படமெல்லாம் தலைகீழாக, நிறம் மாறித் தெரியும். ரியாக்ட் நேட்டிவில் ஆண்ட்ராய்டுக்கு ‘ரீசைஸ்மெத்தட்’டை ‘ரீசைஸ்’ ஆக்குங்கள்.

சரியாகிவிட்டதா என்று எப்படிச் சோதிப்பது?

கடைக்காரர் கையில் இருப்பது போன்ற பழைய 2 ஜி.பி. போன் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எமுலேட்டரில் ரேமைக் குறைத்துப் பார்ப்பது ஓரளவுக்குத்தான் உதவும். அந்த போனில் வாட்ஸ்அப், கேமரா, யூடியூப் மூன்றையும் திறந்துவிட்டுப் பிறகு உங்கள் ஆப்பைத் திறங்கள், கடையில் போன் இருக்கும் நிலை அதுதான்.

கணினியில் இணைத்து ‘ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் மெம்இன்ஃபோ’ என்று எழுதி உங்கள் பேக்கேஜ் பெயரைச் சேர்த்து ஓட்டுங்கள். ஆண்ட்ராய்டு 8 முதல் ‘நேட்டிவ் ஹீப்’, ‘கிராஃபிக்ஸ்’ இரண்டு வரியையும் பாருங்கள், ஜாவா ஹீப்பை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். லிஸ்டை மேலும் கீழும் ஐந்து முறை ஓட்டிவிட்டு மறுபடி எடுங்கள். எண் ஏறி ஓரிடத்தில் நின்றால் அது கேஷ். ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறிக்கொண்டே போனால் கசிவு. அடுத்து, பெரிய படத் திரையில் போனைப் பத்து முறை படுக்கவும் நிமிர்த்தவும் செய்யுங்கள். அதே அறிக்கையின் கீழே ‘ஆக்டிவிட்டீஸ்’ எண்ணிக்கை ஒன்றிரண்டில் நிற்காமல் பத்தைத் தொட்டிருந்தால், பழைய திரைகளை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் தன் படத்தையும் சேர்த்தே பிடித்திருக்கும். ஸ்டாட்டிக் வேரியபிளில் வைத்த கான்டெக்ஸ்ட், எடுக்க மறந்த லிசனர் இரண்டையும் முதலில் தேடுங்கள்.